கவுஞ்சிப் பக்கத்தில் இருந்தவள்

இன்று காலை மேசை இழுப்பறையில் உன் கம்பளிக் கையுறை அகப்பட்டது. கீபோர்டு தட்ட வசதியாக விரல் நுனிகளை நீயே கத்தரித்துக்கொண்டது. தைல வாசம் இன்னும் போகவில்லை. போட்டுக்கொண்டேன். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் மனசு அடங்காது போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிப் பதிவறையில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த காலம். புதிய சாப்ட்வேர் வந்த அன்று நாங்கள் எல்லாரும் கேக் தின்றோம். நீ மட்டும் ஒரே பெயரை, ஊருக்கு ஒரு பக்கமாக இருந்த பழைய எக்செல் கோப்பிலும் புதியதிலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தாய். பழையது, தட்டிய எழுத்துகள் பெயரின் நடுவில் இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் திறந்திருக்கும் ஊரின் பக்கத்தில் மட்டும்தான் தேடும். புதியது எல்லா ஊரிலும் தேடும். ஆனால் முதல் எழுத்திலிருந்தே பொருந்த வேண்டும். நாமோ பெயருக்கு முன்னால் இனிஷியல் போட்டு வைத்திருக்கிறோம்.

"இல்லைன்னு பட்டுன்னு சொல்லிரும்டி. எங்கன தேடுனேன்னு மட்டும் சொல்லாது," என்றாய். சந்தேகப் பிராணி என்று உன்னைக் கேலி செய்தேன்.

நேற்று அட்டுவம்பட்டியிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சலில் நினைவே இல்லை. நர்ஸ் ஓடி வந்தாள். "அக்கா, செல்லம்மாள்னு பேரு. பென்சிலின் போடணும்ங்கறாரு டாக்டர். முன்னாடி எதுவும் ஒத்துக்காம போயிருக்கான்னு வெரசா பாருங்க."

கணவரின் இனிஷியலோடு புதியதில் தட்டினேன். இல்லை. வெறும் பெயரைத் தட்டினேன். இல்லை. பழைய கோப்பில் அட்டுவம்பட்டிப் பக்கத்திலும் இல்லை. "ஒண்ணுமில்ல" என்று சொல்லியே விட்டேன். அவள் திரும்பி ஓடினாள். அப்போதுதான் உன் குரல் கேட்டது. எங்கன தேடுனேன்? வாசலில் நின்ற கணவரிடம் கேட்டேன், "இவுங்க பொறந்த ஊரு எதுங்க?"

"கவுஞ்சிங்க. கட்டிக் குடுத்துதான் இங்க வந்துச்சு."

கவுஞ்சிப் பக்கத்தைத் திறந்தேன். அப்பாவின் இனிஷியலோடு அங்கே இருந்தாள். ஊர் சரி, வயது சரி. ஓரத்தில் நீ போட்ட சிவப்பு வரி: பென்சிலின் கூடாது, மூச்சு முட்டியது. எழுந்து வார்டுக்கு ஓடினேன். "போட்றாதீங்க!" நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றி, செல்லம்மாளின் கையைப் பிடித்திருந்தாள்.

இன்று காலை கஞ்சி குடித்தாளாம். எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கோ, திறந்து பார்க்காமல் விட்ட பக்கங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. இதற்கு முன் எத்தனை முறை "ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருப்பேன்? நீ விட்டுப்போன பயம் இனி என்னோடுதான் இருக்கும். இருக்கட்டும். பெண்கள் வந்தால் பிறந்த ஊரையும் அப்பா பெயரையும் கேட்காமல் இல்லை என்று சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஒன்றுக்கு மட்டும் தைரியம் வரவில்லை. கடைசியில் நீயும் இதே வார்டில்தான் படுத்திருந்து கண்ணை மூடினாய். உன் பெயரை இதுவரை எதிலும் தட்டிப் பார்த்ததில்லை. இல்லை என்று வந்துவிட்டால், எந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்து உன்னைத் தேடுவேன்?