கற்கண்டுக்குள் ஒரு தாலுகா

3-7-1967
விழுப்புரம் போன வேலை சீக்கிரம் முடிந்தது. ரயிலுக்கு நேரம் இருந்ததால் நூலகத்தில் உட்கார்ந்தேன். ஓர் அறிவியல் இதழில் படித்தது: லேசர் என்கிற ஒளியைக் கொண்டு ஒரு படிகத்துக்குள் பக்கம் பக்கமாக எழுத்தைப் பதித்துவைக்கலாமாம். கற்கண்டு அளவில் ஒரு நூலகமே அடங்குமாம். இப்படி ஒளியால் பதித்த படத்தகடு உடைந்தாலும், ஒவ்வொரு துண்டிலும் முழுப்படமும் மங்கலாகத் தெரியுமாம். திண்டிவனம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் பதினாறு வருடமாகக் கரையானோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்கு வேறென்ன வேண்டும்?

4-7-1967
அம்மணியிடம் சொன்னேன். “அந்தக் கல்லு வர்ற வரைக்கும் காயிதக் கட்டுக்கு வேப்பில வைக்கிறத நிறுத்திடாதீங்க” என்றாள். கட்டிக்கொண்டவளிடம் தோற்பதிலும் ஒரு சுகம்.

11-7-1967
ஒலக்கூர் ராயப்பன் வந்தார். அவர் அப்பா சவுரிராயனுக்கு சர்க்கார் கொடுத்த ஒரு ஏக்கரை, பக்கத்து நிலத்துக்காரர் சீனுவாசன் தன்னுடையது என்கிறாராம். வீட்டிலிருந்த பட்டா மழையில் போயிற்று. “நீங்கதான் எடுத்துக் குடுக்கணும் ஐயா.”

கட்டை அவிழ்த்தேன். அவர் நிலம் எழுதிய தாள் இருந்த இடத்தில் கரையான் மண். போன வருடம் வேப்பிலை வைக்காமல் விட்டவன் நான்தான். என்னத்த சொல்றது அவருகிட்ட? 21ஆம் தேதி விசாரணை.

14-7-1967
தாசில்தாரிடம் என் தவறைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். இரவு தட்டைத் தள்ளிவைத்தேன். “ஒத்துக்கினு வந்தீங்கள்ல, சாப்பிடுங்க” என்று அம்மணி மல்லாட்டைத் துவையலை இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

18-7-1967
ஒரு நிலம் ஒரே தாளில்தானா இருக்கும்? மங்கலாகவாவது வேறெங்கும் இருக்காதா?

21-7-1967
சீனுவாசன் தன் கிரயப் பத்திரத்தைத் தானே மேசைமேல் வைத்தார். “எல்லாம் இதுல இருக்குது சார்.”

இருந்தது. சுற்றிலும் யார் நிலம் என்று நான்கெல்லை எழுதாத பத்திரம் ஏது? உரக்கப் படித்தேன்: “சவுரிராயன் பட்டா நிலத்துக்குத் தெற்கு.” தாசில்தார் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். சீனுவாசன் வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

4-9-1967
ராயப்பனுக்குப் புதுப் பட்டா கொடுத்தோம். “எங்கப்பா பேரு அவுரு பொட்டியிலயா இருந்துச்சு, இத்தினி வருசமா?” என்றார். அந்தப் பேரை ஒருதரம் பார்க்க வேண்டுமாம். நானும் கூடப் போனேன். வாசலில் எங்களைக் கண்ட சீனுவாசன், ராயப்பன் கேட்டதும் வழிவிட்டு ஒதுங்கினார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார்.