நீங்கள் தலையாட்டிய வழக்கு

நம் பேத்தி நாளைக்குப் போடப்போகும் கறுப்பு அங்கியைப் பால்கனிக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன். கீழே வுச்சீரியாச் சந்தையில் மீன் பொரிக்கிறார்கள். அதையும் மீறிப் பூச்சி உருண்டை மணக்கிறது. அன்று நீதிமன்றத்தில் உங்களுக்குப் பக்கத்தில் நின்ற வக்கீலின் அங்கியிலும் இதே மணம்தான்.

தன் மோதிரத்தை நீங்கள் எடுத்ததாக, நீங்கள் வேலைக்குப் போன லிபெர்த்தா வீதி வீட்டு எசமானி, அந்தச் சிஞ்ஞோரா, சொல்லியிருந்தாள். நீதிபதி கேட்கக் கேட்க, பெரிய மனிசருக்கு முன்னால் நிற்கிற மரியாதையில் நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார்கள். வக்கீல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கேக்கிறன் எண்டுதானே ஆட்டினனான், இஞ்சாரும்," என்றீர்கள் படியிறங்கும்போது.

பிறகு மோதிரம் அவளுடைய சோபாவுக்குள்ளேயே கிடைத்தது. வந்து ஒரு சொல் சொன்னாளா? அவளை நான் மறக்கவில்லை. அந்த வக்கீலை அவளைவிடவும் மறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த ஊர்க்காரர் முன்னால் நான் கழுத்தை அசைத்ததும் இல்லை.

"எங்கடை தலையாட்டு விளங்கிற ஒராள் அங்கை நிக்கவேணும்," என்று கடைசிவரை சொன்னீர்கள்.

நம் பேத்தி சட்டம் படித்து முடித்து, ஒரு பெண் வக்கீலிடம் தொழில் பழகுகிறாள். அவரின் மேற்பார்வையில், அவருக்குப் பதிலாக நீதிமன்றத்தில் பேச அனுமதி கேட்டிருந்தாள். அந்த வக்கீல் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால்தான் மனு போகும். தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வந்தவரை நான் சும்மா விடவில்லை.

"கேள் பிள்ளை, கோர்ட்டிலை இவ வாய் திறப்பாவோ, போனைப் பாப்பாவோ?"

"அம்மம்மா, மானத்தை வாங்காதேங்கோ!" என்றாலும் இத்தாலியனில் கேட்டுச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

"தான் திறக்காட்டி நான் திறப்பனாம். ஆனா சின்ன வழக்குகள் மட்டும்தான், அம்மம்மா."

"மோதிரம் என்ன மலையோ? தாத்தாவின்ரையும் சின்ன வழக்குத்தானே."

நேற்று அனுமதி வந்துவிட்டது. அங்கியை இரவல் தர அந்த வக்கீலே கொண்டு வந்தார். பேத்தி அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். நாளைக்கு என்ன பேசப் போகிறாள் என்று அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருக்க, என் தலை ஆடத் தொடங்கிவிட்டது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

"நான் பேசுறதுக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறா," என்ற பேத்தி, நான் வாய் திறக்கமுன்பே அவர் பக்கம் திரும்பி இத்தாலியனில் ஏதோ சொன்னாள்.

"என்னடி சொன்னனி?"

"எங்கடை ஆக்கள் தலையாட்டினா, கேக்கினம் எண்டுதான் அர்த்தம். சம்மதமெண்டு எழுதிப்போடாதேங்கோ எண்டனான்."

உங்களுக்காக அன்று யாரும் சொல்லாததை, என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"இந்தமுறை ஓம்தான் எண்டு சொல்லு, பிள்ளை," என்றேன். தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, உங்களுடையதைப் போலவே.