சைக்கிள் கொட்டகையில் பத்து நிமிடம்

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன் குள்ளன் எழுதுவது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எழுத்து நடுங்கியிருந்ததைப் பார்த்தபோதே, புற்றுநோய்க்கு நாலாவது தடவை ஏற்றிய மருந்து உன்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது என்று தெரிந்தது. மகள் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டாம் என்று கீழ் அறையிலேயே கட்டில் போட்டுவிட்டார்களாமே. நல்லது. அந்த அறையில் ஜன்னல் இருக்கிறதா? ஜன்னல் இல்லாவிட்டால் உனக்கு ஆகாதே.

அச்சகத்தில் உன்னுடைய இரண்டாம் நம்பர் மெஷினைக் கழற்றிவிட்டார்கள். நீ போன பிறகு அது யார் பேச்சையும் கேட்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்று முறை தாளைக் கடித்துத் துப்பியது. பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டகை மட்டும் அப்படியே இருக்கிறது.

நீ சொன்னபடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டேன். "நாம ஒண்ணாத்தானேடா ஊதினோம், உனக்கும் வந்திருக்கும், ஆரம்பத்துலயே பாத்துடு" என்று இதுவரை வந்த மூன்று கடிதத்திலும் எழுதிவிட்டாய். நீ கிடக்கிற கிடப்பில் என்னைப் பற்றிக் கவலை உனக்கு. படம் சுத்தமாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் நாலு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நெட்டையா, நான் இருபத்தொன்பது வயதிலேயே சிகரெட்டை விட்டுவிட்டேன். பெரியவள் வயிற்றில் இருந்தபோது என் வீட்டுக்காரிக்கு அந்த நாற்றம் ஆகவில்லை. நான் பக்கத்தில் போனாலே குமட்டிக்கொண்டு ஓடினாள். ஒரு மாதம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி திரிந்தேன், பிறகு விட்டுப்போயிற்று. ஆனால் நம் அச்சகத்துச் சட்டம்தான் உனக்குத் தெரியுமே. தாள் இருக்கிற இடத்தில் நெருப்பு கூடாது என்று புகைக்கிறவர்களை மட்டும் தினம் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம் வெளியே சைக்கிள் கொட்டகைக்கு விடுவார்கள். புகைக்காதவன் மெஷினோடு நிற்க வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிடத்தையும் உன் பேச்சையும் விட எனக்கு மனசு வரவில்லை. பேருக்கு ஒன்றைப் பற்றவைத்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்பேன். நீ மேஸ்திரி மாதிரி நடந்து காட்டி முடிப்பதற்குள் அது தானாக எரிந்துவிடும். ஒருதரம், "என்னடா, உன்னுதுல மட்டும் சாம்பல் இவ்வளவு நீளமா நிக்குது?" என்று கேட்டாய். சிரித்து மழுப்பிவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முப்பத்தொரு வயதில், ஒரு மழைக்காலம் முழுக்க உனக்கு இருமல் நிற்கவே இல்லை. "தனியா விட முடியல குள்ளா. நீயும் விட்டா நானும் விட்டுடுவேன். சேர்ந்து விடுவோமா?" என்று கேட்டாய். அப்போது நான் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். நீயும் விட்டுவிட்டால் கொட்டகைக்கு யார் வருவார்கள் என்று நினைத்தேன், பாவி. "பாக்கலாம்டா, என்ன அவசரம்" என்றேன். நீ அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

படம் பார்த்த டாக்டரிடம் சிகரெட்டை எப்போது விட்டேன் என்பதைச் சொன்னேன். நாற்பதுக்குள் விட்டவர்களுக்கு வருஷம் ஆக ஆகப் புற்றுநோய் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடும், முழுதாகப் போகாவிட்டாலும் ஊதாதவர்கள் அளவுக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிடும் என்றார். எந்த வயதில் விட்டாலும் நல்லதுதான், சீக்கிரம் விட்டால் இன்னும் நல்லது என்றார். முப்பத்தொன்றில் விட்டிருந்தால் என்று கேட்டேன். நீங்கள்தான் இருபத்தொன்பதிலேயே விட்டுவிட்டீர்களே, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். படத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன் மகனும் ஊதுகிறான் என்று எழுதியிருந்தாய். "பத்து வருஷம் ஊதியாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்கிறானாம். அவனுக்கு இப்போது நீ என்னைக் கேட்ட வயது. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. என்னைத் திட்டிக்கொண்டே படிக்கட்டும். தனியாக விட முடியவில்லை என்றால் தினமும் எனக்கு போன் போடச் சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருபத்தாறாம் தேதி ரயிலில் வருகிறேன். என் முகத்தில் விழிக்க உனக்குப் பிடிக்காவிட்டால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். ஆனாலும் ஒரு பத்து நிமிடம் கொடுடா. இந்தத் தடவை கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் உன் பக்கத்தில் நிற்கிறேன்.

நான் வரும்வரை நீ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
குள்ளன்