ஒரு வாரத்து அடுப்பு

கொறக்காப்புளி வாசனை. கொழும்பில் நான் தங்கியிருக்கும் வீட்டின் பின்கட்டில் யாரோ மீன் ஆக்குகிறார்கள். மண்சட்டி, தேங்காய்ப்பால், கறுத்துச் சுருண்ட அந்தப் புளி. பரீட்சைக்காக விரித்த புத்தகம் அதே பக்கத்தில் கிடக்கிறது.

அப்பா, உங்களை நினைக்கத் திருநீற்று வாசனை போதும். தோட்டத்து ஆபீஸ் மை வாசனை போதும். ஆனால் நீங்கள் போனபிறகு உங்களை என்னிடம் அழைத்துவருவது மீன் வாசனை. வாழ்நாளில் ஒரேயொரு நாள் மீனைத் தொட்ட மனிதர் நீங்கள். ஏன் இப்படி என்று யோசிக்கிறேன்.

அப்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். தம்பிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பசி திரும்பவில்லை. சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வான். கையைத் தூக்கினால் எலும்புதான் வந்தது. இரத்தினபுரி டொக்டர் அவன் நாக்கைப் பார்த்துவிட்டு, "இனி மருந்து இல்லை. சாப்பிட்டால் பிழைப்பான். கடற்காற்றுக்குக் கொண்டுபோங்கள்" என்றார்.

திரும்பும் வழியில் உங்கள் சிநேகிதரின் கடை. இரத்தினக்கல் விற்கும் முஸ்லிம்; நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவீர்கள். பெந்தோட்டைப் பக்கம் தென்னந்தோட்டமும் அதற்குள் ஒரு வீடும் வைத்திருந்தார்.

"சும்மா கெடக்குற வீடு, கிளாக்கர் ஐயா. குடும்பம் குடும்பமா வந்து தங்கிட்டுப் போறாங்க. புள்ளைக்கு நல்லம். சமையக்காரன் மட்டும் இல்ல. ஆக்கித் தின்னுறது அவங்கவங்க பாடு."

"எனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதே, நானா."

"பேரேடு எழுதுற கை பருப்பு ஆக்காதா? போங்க ஐயா."

அம்மாவால் வர முடியாது. தங்கை பிறந்து அப்போதுதான் தீட்டுக் கழிந்திருந்தது. தோட்டத்துத் துரையிடம் ஒரு வார லீவு வாங்கினீர்கள். அம்மா அரிசி, பருப்பு, ஊறுகாய் எல்லாம் கட்டினார். நம் வீட்டுப் பாத்திரங்களையும் ஒரு சாக்கில் போட்டார்.

"அந்த வீட்டுச் சட்டியில என்னென்ன வெந்துச்சோ. தொடாதீங்க."

"தொடல."

இரண்டு ரயில். முதல் சின்ன ரயில் றப்பர் காடுகளுக்குள் நெளிந்து நெளிந்து போனது. இரண்டாவதில் ஜன்னல் முழுக்கக் கடல். தம்பி பார்க்கவில்லை. உங்கள் மடியில் தூங்கினான். நீங்கள்தான் அவனுக்கும் சேர்த்துப் பார்த்தீர்கள்.

வீடு கடலைப் பார்த்து இல்லை. தென்னைகளுக்கு நடுவே, வயல் ஓரத்தில். கடல் சத்தமாக மட்டும் வரும். முதல் விடியலில் நீங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தீர்கள். தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு அங்கே அடிக்கவில்லை. எந்தப் பக்கம் போவதென்று உங்கள் காலுக்குத் தெரியவில்லை.

"அலைக்கு மட்டும் லீவே இல்ல போல" என்றீர்கள். அதற்கு முன் நீங்கள் வேடிக்கை பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அடுப்பு. ஈர மட்டை. புகை. தோப்பைப் பார்த்துக்கொண்டவரின் மனைவி வேலிக்கு அப்பால் நின்று சிங்களத்தில் கேட்டாள்: "மாத்தயா, எரியிறது அடுப்பா, வீடா?"

"ரெண்டுல ஒண்ணு எரிஞ்சாச் சரிதான், அக்கே" என்று நீங்களும் சிங்களத்திலேயே சொன்னீர்கள். அவள் சிரித்துக்கொண்டே காய்ந்த மட்டை கொண்டுவந்து போட்டாள்.

"பருப்பு வெந்துருச்சுன்னு எப்படித் தெரியும், பாப்பா?"

"அம்மா நசுக்கிப் பாப்பாங்க."

நசுக்கினீர்கள். விரல் சுட்டது. ஊதிக்கொண்டே மறுபடி நசுக்கினீர்கள். எண்களைப் பார்க்கும் அதே முகம், ஆனால் விளக்குப் போட்டதுபோல. இவர் யார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி துப்பினான். பருப்பைத் துப்பினான், கஞ்சியைத் துப்பினான். பாலை மட்டும் இரண்டு வாய். மறுநாளும் அப்படியே. கடற்காற்று அவன் தலைமுடியை மட்டும்தான் அசைத்தது. சாயந்தரம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தபோது, "கனமே இல்ல" என்று நீங்கள் சொன்னது என்னிடமா, உங்களிடமேயா, தெரியாது.

அப்போதுதான் வேலிக்கு அப்பாலிருந்து அந்த வாசனை வந்தது. தம்பி தலையைத் தூக்கினான்.

"அப்பா. அது வேணும்."

"எதுடா?"

"அந்த வாசனை."

பல நாளைக்குப் பிறகு அவன் கேட்ட முதல் சாப்பாடு. நம் வீட்டு அடுப்பில் தலைமுறை தலைமுறையாக ஏறாத மீன்.

அவனை அந்த அக்காவிடம் விட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தீர்கள். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். வள்ளம் ஒன்றை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே கேட்டீர்கள்:

"உங்கம்மா கேட்டா என்ன சொல்றது?"

"சொல்லவேணாம்ப்பா."

"கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. யாராவது அப்படிக் கேப்பாங்களா, மீன் ஆக்கினீங்களான்னு?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். பிறகு வள்ளத்துக்காரனிடம் போய், நோயாளிப் பிள்ளைக்கு ஆகும் மீன் எது, முள் குறைந்தது எது, எதனால் குறைவு என்று கேட்கத் தொடங்கினீர்கள். அவன் பொறுமை இழந்து ஒன்றைத் தூக்கி உங்கள் கையில் வைத்தான். கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். பாதி வழியில் கை மடங்கியது. மீனின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தீர்கள்.

"இமையே இல்ல, பாரு."

அந்த அக்கா, "குடுங்க மாத்தயா, நானே ஆக்கித் தாறேன். உங்க கை படவேணாம்" என்றாள். நல்ல மனசு. எளிய வழி. எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீங்கள் தலையசைத்தீர்கள். "வேணாம் அக்கே. செய்யறதுன்னு ஆயிருச்சு. அப்புறம் என்ன, அடுத்தவங்க கையில தள்ளிவிடறது? சொல்லிக் குடுங்க. நான் செய்யறேன்."

நம் பாத்திரங்களை எடுக்கவில்லை. பரணிலிருந்த அந்த வீட்டுச் சட்டியை இறக்கிக் கழுவினீர்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, செதில் சீவினீர்கள், செவுளைத் திறந்து பார்த்தீர்கள், அங்கே ஏன் அவ்வளவு சிவப்பு என்று கேட்டீர்கள். "தெரியாது, நான் மீனாப் பொறக்கல" என்றாள். தேங்காய்ப்பால், மஞ்சள், கொறக்காப்புளி ஒரு துண்டு. உப்புப் போட்டீர்கள். ருசி பார்க்கவில்லை. மூடிவைத்துவிட்டுக் கை கழுவப் போனீர்கள். வெகுநேரம் கழுவினீர்கள்.

தம்பி தட்டின்முன் உட்கார்ந்தான். நீங்கள் முள்ளை விரலால் தேடித் தேடி எடுத்துப் போட்டு, சோற்றில் பிசைந்து உருட்டி நீட்டினீர்கள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"நீதானேடா கேட்ட?"

"நீங்க சாப்பிடல."

"அப்பாவுக்கு வேணாம்."

"அப்ப எனக்கும் வேணாம்."

அக்காவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டாள். நான் உங்கள் கையைப் பார்த்தேன். அந்த உருண்டை நடுவழியில் நின்றது.

கையைத் திருப்பி உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அவசரமாக விழுங்கவில்லை, அப்பா. மென்றீர்கள். கண்ணைச் சிறிது சுருக்கி மென்றீர்கள். அடுத்த உருண்டையை நீட்டினீர்கள். அவன் வாங்கிக்கொண்டான். அதற்கடுத்ததையும். தட்டுக் காலியானது. பிறகு நீங்கள் வெளியே போய்த் தென்னையில் சாய்ந்து நின்றீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. நான் கிட்டே வரவில்லை.

அதன்பின் மிஞ்சிய நாட்களில் பருப்பையும் தின்றான்.

வீடு திரும்பியபோது அம்மா கைக்குழந்தையோடு வாசலில் நின்றார். நீங்கள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மீன் ஆக்கினேன். அவங்க சட்டியில. இவன் தின்னான். நானும் தின்னேன்."

அம்மா உங்களைப் பார்த்தார். தம்பியின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உப்பு சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் கம்மி."

அவ்வளவுதான். மறுநாள் தலை முழுகிவிட்டுப் பூசையில் உட்கார்ந்தீர்கள். சாகும்வரை மீன் தொடவில்லை. அந்த நாளைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குற்றமாகவும் சொல்லவில்லை. நம்பிக்கை பற்றியும் ஐயம் பற்றியும் இங்கே நிறைய வாசிக்கிறேன். உங்களை எந்தப் பக்கத்தில் வைப்பதென்று தெரியவில்லை. ஒருவேளை பக்கங்களே தவறோ என்னவோ.

உங்கள் காரியம் முடிந்த அன்று, மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த தம்பியிடம் கேட்டேன். அவன் இப்போது உங்களைவிட உயரம். "அந்த மீன் ருசி ஞாபகம் இருக்காடா?"

"மீன் ஞாபகமில்லக்கா" என்றான். "அப்பா மென்ன மூஞ்சி ஞாபகம் இருக்கு. கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அப்படி இல்ல. இது என்னான்னு பாக்குற மாதிரி இருந்துச்சு. அதனாலதான் வாயைத் திறந்தேன்."

எனக்கும் அந்த முகம்தான் மிஞ்சியிருக்கிறது, அப்பா. பயந்துகொண்டே, கண்ணைச் சுருக்கி, இது என்னவென்று பார்க்கும் முகம்.