ஏழாம் இசைத்தட்டு

மச்சான்,

நாம் தொடங்கிய இசைத்தட்டுக் கம்பனியை இந்த மாதத்தோடு மூடுகிறேன். ஹம் நகரில் நாம் பாட்டுப் பதிவு செய்த நிலவறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீ போன பிறகும் ஜெர்மன்காரரின் புளூஸ் இசையும் எங்கள் நாட்டார் பாடல்களும் மாறி மாறி வெளிவந்தன. உறைப் படமெல்லாம் என் சியாமளாதான் வரைந்தாள்.

ஏழாம் எண்ணை மக்டலீன் அக்காவின் ஒப்பாரிக்கென்று ஒதுக்கினோமே, அது இன்றும் காலிதான். "செத்தவீடு இல்லாத இடத்தில ஒப்பாரி சொல்ல ஏலாது தம்பி" என்று அவர் மறுத்துவிட்டார். வேறு பாட்டைப் போடுவோம் என்றாய். நான் விடவில்லை. அதில்தானே நீ கோபித்துக்கொண்டு போனாய்.

போன கிழமை அக்கா, நான் கேட்காமலே வந்தார். எங்கள் வீட்டு வரவேற்பறையில், மாலை போட்ட சியாமளாவின் படத்துக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்து ஒப்பாரி பாடினார். நடுவில் நிறுத்தி, "மைக்கைக் கொண்டுவந்து வையும் தம்பி, இனிப் பாடலாம்" என்றார்.

கொண்டுவந்து வைத்தேன். பதிவுப் பொத்தானை அழுத்தவில்லை.

உன் பங்குத் தட்டுகளைப் பெட்டியில் கட்டி அனுப்புகிறேன். ஆறுக்கு அடுத்து எட்டுத்தான் இருக்கும். தொலைந்துவிட்டதென்று தேடாதே.

உன் பழைய கூட்டாளி