தண்ணீருக்குள் நோகாத இடுப்பு

மச்சான்,

கண்டி வீதி திறந்து, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து, நயினாதீவுக்குப் படகு ஏற வெயிலில் வரிசையாக நின்ற வருடத்தில்தான் அந்த நாற்றம் முதன்முதலாக நம் கரைக்கு வந்தது. இன்று காலை மறுபடியும் வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொல்லி அதிக காலம் ஆகவில்லை. தடையை எடுத்துக் கடலைத் திறந்துவிட்டதுதான் தாமதம், பரல் என்கிற தகரப் பீப்பாய்களைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். கையில் இருந்த தேத்தண்ணியை நான் முற்றத்தில் ஊற்றிவிட்டேன்.

கடலட்டை அவிக்கிற நாற்றம் எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை எழுதுகிற என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துக்கூட வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லுகிறேன், அவள் அதைப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். சில சொற்களைப் போடமாட்டாளாம். "அப்பா, தூஷணம் எழுதேலாது" என்கிறாள். ஆகவே இடைக்கிடை நான் காறித் துப்பியதாக நீயே நினைத்துக்கொள்.

வயிற்றைக் கீறிக் குடலைப் பிதுக்கி எறிந்து, பரலில் அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் அழுகிய பிறகு தோண்டியெடுத்துத் தேய்த்து, திரும்பவும் அவித்துக் காயப்போட்டால், கடைசியில் கருகிய கட்டை போல ஒன்று மிஞ்சும். அது கப்பலேறி எங்கேயோ போகும். நம் தீவில் நாய்கூட அதை மோந்துவிட்டு விலகிப் போகும். ஒருவரும் வாயில் வைக்காத அந்தச் சாமானுக்காக உன் இடுப்பு போனதே, அதை நினைக்கத்தான் எனக்குக் குமட்டுகிறது.

சம்மாட்டியின் படகில் நீயும் சூசையும் ஞானமும் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி, இடுப்பில் ஈயப் பட்டி கட்டி, நெடுந்தீவுக்கு அப்பால் ஆழத்தில் இறங்குவீர்கள். நான் மேலே இஞ்சினோடு இருப்பேன். படகும் சிலிண்டரும் சம்மாட்டியுடையவை. அவன் கடலுக்கு வருவதில்லை. கரையில் பரலடியில் கதிரை போட்டு இருப்பான். ஒரு சிலிண்டர் முடிந்தால் விசுக்கென்று மேலே வந்து அடுத்ததைக் கட்டிக்கொண்டு இறங்கவேண்டும். மெல்ல மெல்ல ஏறி வரவேண்டும் என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். மூச்சுப் பிடித்துச் சங்கு எடுத்த காலத்தில் நீ மீன் போல வருவாய். சிலிண்டர் வந்த பிறகு ஏறி வந்து படகுக்குள் விழும்போது உன் முகம் வெந்த நண்டு போல இருக்கும்.

முதலில் தோள் நொந்தது. சூசை சொன்னான், "திரும்ப இறங்கு, நோ விட்டுப்போம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை." நீ இறங்கினாய். ஏறி வந்து கையைச் சுழற்றிக் காட்டிச் சிரித்தாய். "பாத்தியே மச்சான், தந்த கடலே திருப்பி எடுத்துப் போட்டுது!" அன்றிலிருந்து அதுதான் உங்கள் மருந்து. நொந்தால் இறங்குவது. இறங்கினால் நோ இல்லை. ஏறினால் நோகும். பிறகும் இறங்குவது. வாந்தி எடுத்ததை அள்ளித் தின்பது போன்ற வைத்தியம் அது.

நோ தோளிலிருந்து இடுப்புக்குப் போனது. நீ ஒரு பக்கம் சாய்ந்து நடக்கத் தொடங்கினாய். கோயிலடியில் நின்றவர்கள், "பூசைக்கும் போட்டுட்டோ வாறாய்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நீ கள்ளைத் தொடாமல் இருந்த தபசு காலம் அது.

நான்தான் உன்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எலும்பு டொக்டர் மீசை அரும்பாத பெடியன் போல இருந்தார். எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடையெலும்பின் குண்டு, உப்புக்காற்றில் உதிர்ந்த சுவர் போல உள்ளே திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"எலும்பைக் கல்லெண்டு நினைச்சீரோ?" என்று உன்னிடம் கேட்டார். "அதுக்குள்ள சின்னச் சின்னச் சீவன்கள் இருக்குது. பழசைத் திண்கிறது ஒண்டு, புதிசைக் கட்டுறது இன்னொண்டு. எங்க பாரம் விழுகுதெண்டு பாத்துச் சொல்லவும் உள்ளுக்க ஆள் இருக்கு. நீர் நடக்க நடக்க, 'இஞ்ச கட்டு, இஞ்ச கட்டு' எண்டு அது சொல்லும். பாரம்தான் எலும்புக்குச் சாப்பாடு."

"அப்ப ஏன் ஐயா இது இப்பிடிப் போனது?"

"நீர் அவதிப்பட்டு விசுக்கெண்டு மேல வாறீர். சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி இரத்தத்துக்க குமிழ் எழும்பும். இந்தக் குண்டுக்குப் போற இரத்தக் குழாய் மயிர் மாதிரி. அதைக் குமிழ் அடைச்சுப் போடும். மூச்சு இல்லாட்டிக் கட்டுற சீவன் செத்துப்போம். திண்கிறது லேசில சாகாது. அது இருந்து திண்டுகொண்டே இருக்கும்."

நீ தலையைச் சொறிந்தாய். "தண்ணிக்குள்ள எனக்கு நோகிறேல்லையே ஐயா?"

"கீழ போனால் குமிழ் சிறுக்கும். தண்ணியும் உம்மைத் தூக்கி வைச்சிருக்கும். இடுப்பில பாரமே இல்லை. அதாலதான் நோகேல்லை. சுகம் வந்ததெண்டு நினையாதையும். குண்டு இன்னும் இடியேல்லை. இனி இறங்காமல், தடி ஊண்டிப் பாரத்தைக் குறைச்சு இருந்தீரெண்டால் சிலவேளை காலைக் காப்பாத்தலாம். இடிஞ்சால் கொழும்புக்குப் போய்ப் புதுக் குண்டு வைக்கவேணும்." பிறகு என்னைப் பார்த்து, "படுக்கையிலயும் போட்டிடாதையுங்கோ. சும்மா கிடந்தால் நல்ல எலும்பும் கரையும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது இனி இறங்கமாட்டேன் என்று என் தங்கையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதாகச் சொன்னாய். செய்தாயும். அவள் மெழுகுதிரி கொளுத்தினாள்.

அடுத்த கிழமை பரலடியில் சம்மாட்டி உன் ஊன்றுதடியைப் பார்த்துக் கேட்டான், "என்ன மாப்பிளை, டொக்டர் இடுப்பைக் கழட்டி வைச்சிட்டாரோ?"

"இறங்கக் கூடாதாம் சம்மாட்டி. குண்டு சாகுதாம்."

"விசர்க்கதை. செத்தது நோகுமே? சரி, தண்ணிக்குள்ள நோகுதோ?"

"அங்க நோகாது."

"பிறகென்ன? தண்ணிக்குள்ள நோகாட்டித் தண்ணிக்குள்ளயே இரன்!"

பரல் கிண்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், மச்சான். எனக்குத் தாங்கவில்லை. "அவன்ர கால் போனா நீங்க தூக்கித் திரிவியளே?" என்று கேட்டேன். "நீர் உம்மட இஞ்சினைப் பாரும்" என்றான். அவன் கைவிரலில் அட்டைச் சளி கோழையாகத் தொங்கியது. அந்தக் கையாலேயே உன் தோளில் தட்டினான்.

படகில் நான் இஞ்சினைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீதான் பட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாய்: "கரையில ஒவ்வொரு அடியும் ஊசி குத்துது மச்சான். கீழ போனா நான் பழைய ஆள். நடக்கிறன், பறக்கிறன். அது உனக்கு விளங்காது." அது எனக்கு விளங்கியது. அதனால்தான் சம்மாட்டிமேல் அருவருப்புக் கூடியது. மனிதனுக்கு எங்கே நோகாது என்று கேட்டறிந்து, அந்த இடத்திலேயே கொக்கியைப் போட்டவன் அவன்.

தெற்கிலும் கிழக்கிலும் கடல் பொங்கிச் சனத்தை அள்ளிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம் உன் குண்டு இடிந்தது. படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் கால் வைத்தாய். காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது. கொழும்புக்குத் திகதி வாங்கினோம். முறை வருவதற்கு முன் கண்டி வீதியை மூடிவிட்டார்கள். கப்பலில் இடம் கேட்டு அலைந்தோம். நமக்கு முன்னால் நெஞ்சு வருத்தக்காரரும் பிள்ளைத்தாய்ச்சிகளும் நின்றார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு போக நீ விடவில்லை.

அந்த நாட்களில் பின்னேரம் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கழுத்தளவில் இருத்துவேன். வேறொன்றும் வேண்டாம் உனக்கு. கண்ணை மூடிக்கொண்டு இருப்பாய். முகம் பழைய முகமாகும். "நீயும் கொஞ்சம் இரன் மச்சான், சும்மா இருக்கிறதுக்குக் காசோ?" என்பாய். நானும் பக்கத்தில் இருப்பேன். தூரத்தில் அனலைதீவு கோடாகத் தெரியும். பிறகு கடலில் ஒருவரும் இறங்கக் கூடாது என்று கட்டளை வந்தது. உனக்குப் பாயும் கூரையும்தான் மிஞ்சின. டொக்டர் சொன்னபடியே நல்ல காலும் கரைந்து குச்சியானது. முதுகில் புண் வந்தது. காய்ச்சல் வந்தது. அந்தப் புண்ணைக் கழுவிய என் தங்கை ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு எதிர்ப்பக்கம் பார்க்காமல் நிற்க முடியவில்லை. பரலடி நாற்றமும் அதுவும் எனக்கு ஒன்றாகவே பட்டன.

உன் சவத்துக்குச் சம்மாட்டி வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மலர்வளையத்தோடு வந்தான். பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தான். சேமக்காலை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்: "பாவம், ஆள் பாரமே இல்லை." அதை நல்லதாகச் சொல்லுவதாகத்தான் அவன் நினைத்தான். நான் மதிலோரம் போய் வாந்தி எடுத்தேன். வெயில் என்று சனம் சொன்னது.

உன் ஈயப் பட்டி என்னிடம் இருக்கிறது. சம்மாட்டி உன் சாமான்களைக் கேட்டு ஆள் அனுப்பினான். பட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. விடிந்ததும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கரைவரைக்கும் நடந்து திரும்புகிறேன். மகள் ஏசுகிறாள், "வயது போன காலத்தில உதென்ன கூத்து?" என்று. பாரம்தான் எலும்புக்குச் சாப்பாடு என்று அந்தப் பெடியன் டொக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. என் எலும்புக்குள் இருக்கிற கட்டுகிற சீவனுக்கு நான் தினமும் சாப்பாடு போடுகிறேன். நீடித்து வாழ ஆசை என்று நினையாதே. ஒருவனைப் புதைத்த பிறகுதான் நான் போகவேண்டும், அவ்வளவுதான். பரலடி வழியாகத்தான் போகிறேன். அடுப்பு அணைந்து கிடந்த காலத்திலும் சம்மாட்டியின் கதிரை அங்கேதான் கிடந்தது. அவன் கதிரையில் இருந்தபடி, "என்ன, ஈயத்தோட எங்க போறீர்?" என்று கேட்கிறான். நான் நிமிர்ந்து நடந்து காட்டுகிறேன்.

நீ போனாய். ஞானம் கை கால் இழுத்துக்கொண்டு கிடந்து போனான். சூசை ஒருநாள் ஏறி வரவேயில்லை. உனக்குப் பின் வருடம் திரும்புவதற்குள் என் தங்கையும் போனாள். அந்தப் படகோடு சேர்ந்து வாழ்ந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தன்தான், கதிரையில் இருக்கிற சம்மாட்டி அருளப்பு.