சாயம் விடாத தட்டு

அக்கா, இது அம்மா சொல்லும் கடிதம், எழுதுவது தங்கை தனுஷா. கூட்டாமல் குறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். பேச்சை எழுத்துத் தமிழாக்குவேன், திட்டு மட்டும் அப்படியே இருக்கும்.

அன்பு மகள் செந்தமிழ்ச்செல்விக்கு, கள்ளக்குறிச்சியில் நாங்கள் மூன்று பேரும் நலம், ரோட்டுத் தூசியும் நலம், ஜெர்மனியில் நீயும் நீ ஆராயும் உயிர்ச்செல்களும் நலமா? போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், தாளுக்கு அந்தச் சாக்கு கிடையாது. நீ அனுப்பிய பச்சைப் படத்தை அப்பா உரக்கடைக் கல்லாவுக்கு மேல் ஒட்டி, உயிருள்ள செல்லுக்குள் என் மகள் ஒரு சாயம் விட்டிருக்கிறாள், கண்ணுக்குத் தெரியாத பெராக்சைடு என்ற வேதிப்பொருள் வந்து தொட்டால் அது ஒளிரும் என்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறார். யூரியா வாங்க வந்த தங்கமணி பார்த்துவிட்டு, எங்க கொல்லையிலும் இதே நோவுதான் அண்ணே, இன்னா மருந்து அடிக்கிறதுன்னு கேட்டாளாம். அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

சிரிப்பு போதும். நீ தனுஷாவுக்கு மட்டும் அனுப்பிய செய்தியை நானும் படித்தேன். (நான் காட்டவில்லை அக்கா, பிடுங்கினார். தனுஷா.) சாயமே விடாத ஆய்வகத் தட்டிலும் செல்கள் பச்சையாக ஒளிர்ந்தனவாம், அப்படியானால் அந்த ஒளி சாயத்தால்தானா என்பதே சந்தேகமாம். அந்தப் படத்தை விட்டுவிட்டால் கட்டுரை இந்த மாதமே பத்திரிகைக்குப் போய்விடும், தைக்கு நீ வீட்டுக்கு வரலாம். சேர்த்தால் முதலிலிருந்து பார்க்க ஒரு வருஷம் ஆகும், அதனால் விட்டுவிடப் போகிறாயாம். பலே. ஐந்தாம் வகுப்பிலேயே மார்க் ஷீட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தவள்தானே நீ, அதுக்கு இன்னாத்துக்குடி ஜெர்மனி?

நேற்று தனுஷா பள்ளிக் கண்காட்சிக்காக, கடையில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கை எடுத்துவந்தாள். எண்ணெயில் மஞ்சள் குழைத்து என் கையில் பூசி, கதவைச் சாத்தி விளக்கைக் காட்டினாள். கை பச்சையாக மின்னியது, வாய் பிளந்தேன். திரும்பினால் மஞ்சளே படாத அப்பாவின் வேட்டி அதைவிட ஜாஸ்தி மின்னுகிறது, சோப்புத்தூளில் உள்ள சரக்காம். இவள் உடனே நோட்டில் எழுதினாள்: மஞ்சள் இல்லாமலும் மின்னியது, அப்பாவின் வேட்டி. கண்காட்சியில் சிரிப்பாங்கடி என்றேன். சிரிக்கட்டும்மா, வேட்டி மின்னிச்சில்ல என்றாள்.

அந்தத் தட்டையும் சேர்த்து அனுப்பு, தைக்கு வர வேண்டாம். நாளைக்கு இன்னொருத்தி உன் சாயத்தை நம்பி மூன்று வருஷம் உட்காருவாள், அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். உனக்கென்று வெள்ளிமலையிலிருந்து வாங்கிவைத்த சாமை அரிசியை நாங்களே பொங்கித் தின்கிறோம், உனக்கு ஒரு பிடியும் கிடையாது. குளிருக்குத் தலையில் துணி கட்டு, வெறும் காபியோடு ஓடாதே. நல்லா இரு, நோய்நொடி இல்லாமல் இரு. தட்டை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா அமிர்தம்

அக்கா, அம்மா கண் கலங்கவில்லை என்றும் எழுதச் சொன்னார். உள்ளதைத்தான் எழுதுவேன் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். எழுந்து போய் அறை விளக்கை அணைத்துவிட்டார்.